பழைய கேம்களுக்கென்று கொழும்பில் கொம்பியூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

2025 டிசம்பர் லீவுக்கு அக்காவின் மகன் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் வந்து நின்றான். "மாமா, நீங்கள் ஸ்கூல் படிக்கேக்க என்ன கேம் விளையாடினீங்கள்?" என்று கேட்டான். சொல்லி விளங்காது, காட்டுகிறேன் என்றேன். மறுநாளே 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, பம்பலப்பிட்டியில் இறங்கி, பாவித்த கொம்பியூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். விலை 32,000 ரூபா. "எல்லாம் ஓடும் சேர்" என்றார் கடைக்காரர். வருடக்கணக்காக பிஸ்கட் பேணியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த எட்டு சீடியில் ஆறு ஓடவில்லை. இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டு அந்த மெஷினை 23,000க்கு விற்றேன்.

பிழை கடைக்காரரில் பாதி, என்னில் பாதி. நான் முதலில் மெஷினை வாங்கினேன், அப்புறம் அதில் கிடந்த விண்டோஸோடு ஒத்துப்போகப் பார்த்தேன், கடைசியில்தான் கேமை எடுத்தேன். செய்ய வேண்டியது அப்படியே மறுபக்கம். எந்த கேம் என்பது முதலில் தெரியவேண்டும். அது எந்த இயங்குதளத்தில் (விண்டோஸ், லினக்ஸ் போன்றவை) ஓடும் என்பது அடுத்தது. மெஷின் கடைசி. கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. கேம்களை வருடத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள்

பெயர் மட்டும் எழுதினால் போதாது. எந்த வருடம் வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரின்ஸ் ஒஃப் பெர்சியா, டேஞ்சரஸ் டேவ், 1992இன் வுல்ஃபென்ஸ்டைன் 3டி, 1993இன் டூம் போன்றவை, விண்டோஸுக்கு முந்திய டோஸ் என்ற இயங்குதளக் காலத்துப் பிள்ளைகள். இவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். டோஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. உங்கள் பட்டியலில் இந்த வகை மட்டும்தான் இருக்கிறதென்றால் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், அலுமாரிக்கு மேல் கிடக்கும் பழைய லெப்டொப்பே தாராளம்.

தலையிடி தருவது 1995இலிருந்து 2000 வரை வந்தவை. ரோட் ராஷ், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் (1997), நீட் ஃபோர் ஸ்பீட் 2, கொமாண்டோஸ் (1998), மிட்டவுன் மேட்னஸ் (1999) எல்லாம் இந்தக் கூட்டம். இந்தக் காலத்து கேம்களில் பல 32 பிட் (16, 32, 64 என்பவை நிரல்களின் தலைமுறைகள், எண் சிறியதென்றால் பழையது). ஆனால் சீடியில் இருக்கும் இன்ஸ்டோலர், அதாவது கேமை மெஷினில் ஏற்றும் நிரல், மட்டும் பல தடவை 16 பிட்டாக இருக்கும். இன்றைய 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலைத் தொடவே தொடாது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, கேம் ஓடக்கூடியதாக இருந்தாலும் அதை உள்ளே ஏற்ற முடியாமல் வாசலில் நிற்பீர்கள். என் ஆறு சீடியில் மூன்று இப்படித்தான் வாசலில் நின்றன.

2000இன் கடைசியிலும் அதற்குப் பிறகும் வந்த ஐஜிஐ, வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, கிரிக்கெட் 07 வகையறா பொதுவாக விண்டோஸ் 11இலும் ஓடும். இங்கே வில்லன் சீடியின் திருட்டுப் பாதுகாப்பு. சேஃப்டிஸ்க் என்ற பூட்டுப் போட்ட சீடிகளுக்கு வேண்டிய டிரைவரை மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10இலிருந்து எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் சீடியே ஓடாது. திருட்டு சீடி வாங்கியவன் பூட்டில்லாமல் விளையாடுவான். இந்த நியாயத்தை அக்காவின் மகனுக்கு விளங்கப்படுத்த எனக்கு இன்னும் முடியவில்லை.

நான்காவதாக, வீட்டில் இருக்கும் இளசுகளைக் கேளுங்கள். வலோரண்ட், பப்ஜி, ஃபோர்ட்நைட் ஏதாவது பட்டியலில் ஒட்டிக்கொண்டு வருமா? வந்தால் படி 3இல் உங்கள் முடிவே மாறிவிடும்.

எழுதி முடித்ததும் பட்டியலில் பாதியை வெட்டுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். நினைவில் இனித்ததெல்லாம் கையில் இனிக்காது. ஐஜிஐயில் ஒரு மிஷனின் நடுவில் சேமிக்க முடியாது. நாற்பது நிமிடம் தவழ்ந்து போய் கடைசிக் காவலாளியிடம் செத்தால் மறுபடி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். பதினாறு வயதில் அது வீரம், இப்போது எனக்கு முதுகு வலி. முதலாவது ஏஜ் ஒஃப் எம்பயர்ஸில் ஆட்களை வரிசையில் போட்டு உருவாக்கும் வசதிகூட இல்லை. 1999இல் வந்த இரண்டாவதுக்கு நேரே போங்கள். கிரிக்கெட் 07 ஐந்து ஓவர் வரைக்கும் அருமை, அதற்குமேல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பீர்கள். டூம் மட்டும் ஒரு மயிரிழைகூட மங்கவில்லை. பிரின்ஸ் ஒஃப் பெர்சியாவும் அப்படித்தான்: அறுபது நிமிடம், ஓர் உயிர் போனாலும் கடிகாரம் நிற்காது. அக்காவின் மகன் அதில்தான் விழுந்தான், நான் ஆசைப்பட்டுத் தேடிய ரேஸ் கேம் எதிலும் இல்லை.

2. கேமை எங்கிருந்து எடுப்பது, எவ்வளவு முடியும்

சீடி இருந்தால் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் ஈரப்பதனால் பூஞ்சணம் பிடித்து, வெள்ளிப் படலம் ஊசித் துளைகளாகப் போயிருக்கும். நல்லதாக இருந்தால் உடனே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இங்கே ஒரு பொறி: பல கேம்களின் இசை சீடியில் சாதாரணப் பாட்டுத் தடங்களாகவே இருக்கும். ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்தால் இசை வராது, கேம் ஊமையாக ஓடும். பின்-கியூ என்று சொல்லப்படும் இரட்டைக் கோப்பு முறையில் எடுக்க வேண்டும்.

சீடி இல்லாவிட்டால் கொக் (GOG) அல்லது ஸ்டீம் என்ற இணையக் கடைகளில் வாங்கலாம். பழைய கேமுக்கு என் தெரிவு கொக். தரவிறக்கிய இன்ஸ்டோலர் உங்களுடையது, பூட்டில்லை, பென் டிரைவில் போட்டு வைக்கலாம். 16 பிட் இன்ஸ்டோலர் சிக்கலும் அங்கே இல்லை, டோஸ் கேம்களுக்கு டோஸ்பொக்ஸையும் சேர்த்தே தருகிறார்கள். விலை பெரும்பாலும் 6 முதல் 10 டொலருக்குள். அவசரம் இல்லையென்றால் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும் தள்ளுபடிகளுக்குக் காத்திருங்கள், 2, 3 டொலருக்கு இறங்கும். பணத்தைத் திரும்பப் பெற கொக்கில் 30 நாள் தருகிறார்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். கேம் ஓடுகிறதா என்று பார்க்கவே இரண்டு மணித்தியாலம் போய்விடக்கூடும், கடிகாரத்தில் கண் வையுங்கள்.

விலை டொலரில்தான் வரும். உங்கள் டெபிட் கார்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு மூடப்பட்டிருக்கலாம். வங்கியின் செயலியிலோ தொலைபேசியிலோ அதைத் திறந்துவிட்டு வாங்குங்கள், வாங்கி முடிந்ததும் மூடிவிடுங்கள். நான் இதைத் தெரியாமல் மூன்று தடவை முயன்று, கார்டே தற்காலிகமாக முடங்கி, தள்ளுபடி முடிந்த மறுநாள் முழு விலைக்கு வாங்கினேன்.

இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. முதல் ஸ்டார்கிராஃப்ட்டை 2017இல் அதன் நிறுவனமே இலவசமாக்கியது. ஓபன்டிடிடி, ஓபன்ஆர்ஏ போன்றவை பழைய கேம்களைப் புதிதாக எழுதிய திறந்த மூல வடிவங்கள், எந்த இயங்குதளத்திலும் ஓடும். கிரிக்கெட் 07 எந்த இணையக் கடையிலும் கிடையாது, அசல் சீடி தேடித்தான் ஆக வேண்டும்.

3. விண்டோஸா லினக்ஸா

இந்தச் சண்டையில் ஆளாளுக்கு ஒரு கட்சி. உங்களுக்குக் கட்சி தேவையில்லை, படி 1இல் எழுதிய தாள் போதும்.

வலோரண்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி பட்டியலில் இருந்தால் விண்டோஸ். அவற்றின் மோசடித் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் இடம் கொடுக்காது. வலோரண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0வும் செக்கியூர் பூட்டும் (மெஷினிலேயே இருக்கும் பாதுகாப்பு வசதிகள்) கேட்கும்.

அவை இல்லையா? அப்படியானால் லினக்ஸின் இலவசப் பதிப்புகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள் என்பேன். பழைய விண்டோஸ் கேமுக்கு விண்டோஸைவிட லினக்ஸ் நல்லது என்று ஒருவர் சொன்னபோது நானும் சிரித்தேன். ஆனால் லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள், 64 பிட் மெஷினிலும் 16 பிட் நிரலைப் பெரும்பாலும் ஓட்டிவிடுகிறது. வாசலில் நின்ற என் மூன்று சீடியில் இரண்டு அப்படித்தான் உள்ளே போயின. ஸ்டீம் கேம்களுக்கு அதே வேலையைச் செய்ய, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டன் இருக்கிறது. ஸ்டீமின் அமைப்புகளில் எல்லா கேமுக்கும் அதை இயக்கிவிட்டால் வேலை முடிந்தது. கொக்கில் வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் என்ற செயலி. காசு கொடுக்க முன்னர் புரோட்டன்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள், ஏற்கெனவே விளையாடியவர்கள் எப்படி ஓடுகிறது என்று எழுதியிருப்பார்கள். சேஃப்டிஸ்க் சீடிகளை மட்டும் லினக்ஸிலும் நம்பி இருக்காதீர்கள்.

விண்டோஸ் 10 மெஷின் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. வீட்டுப் பாவனையாளருக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய மெஷின் ஒன்றை கேமுக்கு மட்டும் வைத்திருப்பது நல்ல யோசனை, ஆனால் இணையத்தோடு இணைக்கவே கூடாது. ஸ்டீம் விண்டோஸ் 7, 8 இரண்டையும் 2024 ஜனவரியோடு கைவிட்டது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

மேக்? 2019இல் வந்த கட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்போடு 32 பிட் செயலிகள் எல்லாம் போய்விட்டன. டோஸ் கேமுக்கு மட்டும் சரி.

வீட்டில் யாராவது தமிழில் தட்டச்சு செய்பவர் இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் மனைவி இன்னும் பாமினி எழுத்துருவில் எழுதுகிறவர். பாமினி லினக்ஸிலும் நிறுவப்படும், லிப்ரே ஒஃபிஸில் தெரியும். ஆனால் பழைய ஆவணத்தைத் திறந்து காட்டும் வரைக்கும் அவர் நம்பவில்லை, நீங்களும் முதலே காட்டிவிடுங்கள்.

4. இப்போது மெஷின்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இருக்கின்றன. சனி பின்னேரம் போகாதீர்கள். நெரிசலில் யாரும் மெஷினைப் போட்டுக் காட்ட மாட்டார்கள். வாரநாள் காலையில் போய் மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள்.

லினக்ஸ் மட்டும் போதுமென்றால் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரம், எஸ்எஸ்டி. பழைய கேமுக்கு அதுவே கூடுதல், தனியாக கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டாம். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஏழாம் தலைமுறை மெஷினில் குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிவிட்டு "லெவன் ஓடுது சேர்" என்று காட்டுவார்கள். இன்று ஓடும், நாளைக்கு வரும் பெரிய புதுப்பிப்பு ஓடுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஐ5 என்ற பெயரை மட்டும் பார்க்க வேண்டாம், அதற்குப் பின்னால் வரும் நாலு இலக்கத்தில் முதல் இலக்கம் 8க்குக் குறையாமல் இருக்க வேண்டும். நான் இரண்டாவதாக வாங்கியது அலுவலகத்தில் பாவித்த எட்டாம் தலைமுறை ஐ5, 68,000 ரூபா. ஆம், இருமடங்கு. வலோரண்டுக்காகக் கொடுத்த விலை அது.

மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருந்த மெஷின் என்றால் பின்பக்கத் துளைகளிலும் திருகாணிகளிலும் துரு தெரியும். துரு இருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

விண்டோஸ் உரிமத்துக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11 ஹோமின் பட்டியல் விலை 139 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 41,700. அதைக் கொடுக்கத் தேவையில்லை. பெரிய நிறுவனங்களின் அலுவலக மெஷின்களில் தொழிற்சாலையிலேயே உரிமம் போர்டில் பதிந்திருக்கும், அதே பதிப்பைப் புதிதாக ஏற்றினாலும் தானாகவே செயல்படும். அமைப்புகளில் அக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து டிஜிட்டல் உரிமம் என்று காட்டுகிறதா பாருங்கள். "ரெண்டாயிரம் குடுங்கோ, அக்டிவேட் பண்ணித் தாறன்" என்றால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். என் முதல் மெஷினில் அப்படித்தான் செய்திருந்தார்கள், அதில் வைரஸ் பாதுகாப்பை நிறுத்தி வைத்திருந்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டேன்.

மொனிட்டர் இல்லையென்றால் 19 அங்குலச் சதுர மொனிட்டர் ஒன்றைப் பாவித்ததில் தேடுங்கள். பழைய கேம்கள் அகலத் திரைக்குச் செய்யப்பட்டவை அல்ல. சதுர மொனிட்டரில் மனிதர்கள் மனிதர்களாகத் தெரிவார்கள், அகன்றதில் எல்லோரும் குண்டு. விலையும் குறைவு. ஆனால் அதில் விஜிஏ வாய் மட்டும் இருக்கலாம், புதிய மெஷினில் அது இல்லாமல் இருக்கலாம். மாற்றி ஒன்றையும் அதே இடத்தில் வாங்கி, அங்கேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

5. பில்

இதில் சோம்பல் வேண்டாம். பில்லில் மாடல், சிபியு இலக்கம், ரம், எஸ்எஸ்டி அளவு, மெஷினின் தொடர் இலக்கம், வொரண்டி முடியும் திகதி, கடை முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். "ஒரு கொம்பியூட்டர், 32,000" என்று எழுதிய பில்லோடு நான் திரும்பிப் போனபோது அது அவர்கள் விற்ற மெஷின்தானா என்றே கேட்டார்கள். வொரண்டியில் பவர் சப்ளை சேருமா என்பதை வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். பில்லை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாளில் அச்சடித்தது சில மாதத்தில் வெளுத்துவிடும். தனியாளிடம் வாங்கினால் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் கையொப்பமிட்ட ஒரு துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கடை முரண்டு பிடித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

6. ஏற்றும் நாள்

ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். லினக்ஸ் மின்ட்டின் கோப்பு 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, விண்டோஸ் 11 அதைவிட மிகவும் பெரியது. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் முதல் நாள் இரவே இறக்கிவிடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். நடைபாதையில் ஆயிரம் ஜிபி என்று விற்பதை வாங்காதீர்கள், பாதி ஏற்றும்போது செத்துவிடும்.

மின்ட்டை நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒலி, வைஃபை, திரை எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவுங்கள், அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அலுவலக மெஷின்களில் பெரும்பாலும் வைஃபை இருக்காது. மலிவான யூஎஸ்பி வைஃபை துண்டுகள் சிலவற்றுக்கு லினக்ஸில் டிரைவர் கிடையாது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்போ ஆரம்பத்திலேயே இணையம் கேட்டு அடம்பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தை மெஷினுக்குத் தரும் வசதி) போடுங்கள்.

இரண்டும் வேண்டுமென்றால் விண்டோஸை முதலில் ஏற்றி, லினக்ஸை இரண்டாவதாக. மாற்றிச் செய்தால் லினக்ஸ் தொடங்கும் வழியை விண்டோஸ் அழித்துவிடக்கூடும். டிஸ்கைப் பிரிக்க முன்னர் பிட்லொக்கர் (விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு) போட்டிருக்கிறதா பார்த்து, மீட்பு இலக்கத்தைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (முழுதாக நிற்காமல் வேகமாகத் தொடங்கும் வசதி) நிறுத்துங்கள்.

இதைச் செய்த மறுநாள் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். பட்டரி போய்விட்டது என்று நினைத்து நான் புதுப் பட்டரி வாங்கிப் போட்டேன். காரணம் அது அல்ல. லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தில் கிரீனிச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று வாசிக்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுது என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

7. ஓடியும் ஓடாத கேம்கள்

டோஸ் கேம் பேய்வேகத்தில் ஓடினால் டோஸ்பொக்ஸில் கொன்ட்ரோலோடு எஃப்11ஐ அழுத்துங்கள், வேகம் குறையும், எஃப்12 கூட்டும். மவுஸ் உள்ளே சிறைப்பட்டால் கொன்ட்ரோலும் எஃப்10உம். விண்டோஸ் 11இல் தொண்ணூறுகளின் கேம் தொடங்க மறுத்தால், விண்டோஸின் விருப்ப வசதிகளில் பழைய கேம்களுக்கான டைரக்ட்பிளேயை இயக்கிப் பாருங்கள். நிறம் குழம்பினால், திரை கறுத்தால் டிஜிவூடூ என்ற சிறிய இலவச மென்பொருள் பல கேம்களைக் காப்பாற்றும். கேமுக்குக் கேம் மருந்து வேறு, பிசி கேமிங் விக்கியில் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

கேம் சேமிப்புகள் எந்த ஃபோல்டரில் விழுகின்றன என்று முதல் நாளே கண்டுபிடித்து பென் டிரைவில் பிரதி எடுங்கள். பழைய கேம்கள் பலவற்றில் இணையத்தில் சேமிப்பு கிடையாது. லீவு முடிந்து மட்டக்களப்புக்குப் போகும்போது அக்காவின் மகன் அந்த பென் டிரைவைத்தான் முதலில் பைக்குள் வைத்தான். அங்கே அவனிடம் இருப்பது விண்டோஸ் லெப்டொப், இங்கே நான் சேமித்தது லினக்ஸில். டோஸ்பொக்ஸ் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் ஒன்பதாவது மட்டத்தில் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினான்.